இளவரசி தொடாத தேநீர்

வாகியெம் ஒரு சந்தேகப் பிராணி. ஜாவாவில் எங்கள் ஊர் அரண்மனையில் தேநீர் போடுகிறவள். தண்ணீர் இறைத்து வருகிறவளைக்கூட ஓரக்கண்ணால் அளந்துவிட்டுத்தான் கெண்டியைத் திறப்பாள். மல்லிகை கலந்த தேயிலையை முகர்ந்து பார்க்காமல் போடமாட்டாள். அப்படிப்பட்டவள் மேலேயே ஊர் விரல் நீட்டியது என்றால் கொடுமையைப் பாருங்கள்.

அரசரின் அக்காள் ரெத்னோ நிங்ரும்தான் எங்களுக்குப் பெரிய இளவரசி. அரசர் வெளியே தலைகாட்டுவது அபூர்வம். பள்ளிக்கூடத் திறப்பு, கல்யாண ஆசீர்வாதம், வெளிநாட்டு விருந்தாளி எல்லாம் அந்த அம்மாள் தலையில்தான். அவர் மண்டபத்தில் விருந்தினரோடு உட்கார்ந்திருக்க, வாகியெம் தட்டோடு குந்தியபடியே நகர்ந்து போய்க் கோப்பையை வைப்பாள். தலை நிமிராமல், குந்தியபடியே பின்வாங்குவாள். இளவரசி பாதி குடித்து மீதியை அனுப்புவார். அரச வாய் பட்ட மிச்சம் எங்களுக்கு எச்சில் இல்லை, ஆசி. அரண்மனைச் சம்பளம் பஸ்ஸுக்கே காணாது. அந்த மிச்சத்தில் ஆளுக்கொரு மடக்குக்காகத்தான் தேநீர்க் கொட்டில் பெண்கள் அங்கே கிடந்தார்கள்.

நோன்பு மாதம் கழிந்ததிலிருந்து கோப்பை நிறைந்தபடியே திரும்பி வர ஆரம்பித்தது.

முதலில் யாரும் அதைப் பெரிதுபண்ணவில்லை. தினமும் அப்படியே வரவும், கொட்டிலின் தலைவி நியாய் பூர்வோ கோப்பையைக் குனிந்து பார்த்தாள். உதடு பட்ட தடமே இல்லை.

"ஏண்டி வாகியெம், இதுல என்னத்தடி போட்ட?"

"எப்பவும் போடுறதுதான் அக்கா. தேயிலை, கற்கண்டு, வெந்நி."

"அப்ப ஏன் அவங்க வாயில வைக்கல?"

"அத அவங்ககிட்டல்ல கேக்கணும்? என்னைக் கேட்டா?"

உதடு படாத தேநீர் ஆசியாகாது என்பதால் ஒருத்தியும் அதைத் தொடவில்லை. வாகியெமுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோர் முன்னாலும் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"பாத்துக்கங்கடி. செத்தேனா?"

"மெல்லக் கொல்ற மருந்தா இருக்கும்," என்றாள் பாத்திரம் கழுவுகிற சூமினி. "நாளைக்கும் வேலைக்கு வா, அப்பச் சொல்றோம்."

கொட்டிலே சிரித்தது. வாகியெமுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இவள்தான் கற்கண்டு ஜாடிப் பக்கம் அடிக்கடி போகிறாள் என்று சூமினியை ஒரு வாரம் கண்காணித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் அதைவிடப் பெரிய பயம் பிடித்தது: இளவரசியே தன்னைச் சந்தேகப்படுகிறாரோ? சோறு இறங்கவில்லை அவளுக்கு.

அந்த நிலையில்தான் அரண்மனை அறிவிப்பு வந்தது. பெரிய இளவரசி பொதுக் காரியங்களிலிருந்து விலகுகிறார், இளையவர்களுக்கு வழிவிட்டு ஓய்வெடுக்கிறார் என்று. ஊர் நம்புமா? ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கதை விட்டார்கள். சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிற வாகியெமின் புருஷன் சர்ஜோனோ ஒன்றைக் கொண்டு வந்தான்.

"வண்டியில ஏறுன பொம்பள என்ன சொல்றா தெரியுமா? அரசரோட இளைய ராணி சொல்லித்தான் தேத்தண்ணில ஏதோ கலந்தாங்களாம். இளவரசி மோப்பம் புடிச்சிட்டாங்களாம். உசுருக்குப் பயந்து ஒதுங்கிட்டாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ல? எறக்கி விட்டுட்டு வந்தேன்."

ஒரு சண்டைகூடப் போடாமல் வந்திருக்கிறான். வாகியெமுக்கு அதுதான் சுட்டது.

மறுநாள் தேநீரை மண்டபத்துக்கு அல்ல, உள்ளறைக்கே கொண்டுவரச் சொல்லி ஆள் வந்தது. நியாய் பூர்வோ தட்டை மறித்தாள்.

"திரும்பி வர்ற கோப்பைய அப்படியே எங்கிட்ட குடு. சோதிச்சுப் பாக்க டாக்டர்கிட்ட அனுப்பப் போறேன். மடியில கனமில்லன்னா வழியில பயமில்ல, போ."

வாகியெம் குந்தியபடியே உள்ளே நகர்ந்தாள். கோப்பையை வைத்தாள். பின்வாங்காமல் அங்கேயே இருந்தாள்.

"தாயே, எம்மேல சந்தேகமா? நான் விஷம் வச்சேன்னு ஊரே பேசுது."

இளவரசியின் கை கோப்பைக்கு நீண்டது. பீங்கான் கடகடவென்று தட்டில் அடித்தது. தேநீர் சிந்தி அவர் உடுப்பெல்லாம் நனைந்தது.

"இதுதாண்டி காரணம். நோம்புக்கப்புறம் வந்த நடுக்கம். விருந்தாளி முன்னால இந்தக் கையோட நான் எப்படிக் குடிப்பேன்? தம்பிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், இப்ப உனக்கு. வெளிய போகக்கூடாது. என்னைப் பாத்து யாராச்சும் பரிதாபப்பட்டா நான் தாங்கமாட்டேன்."

வாகியெம் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. களைத்துப்போன ஒரு கிழவியின் முகம். தட்டில் கொண்டுவந்திருந்த கெண்டியிலிருந்து மறுபடி ஊற்றி, கோப்பையை அவர் வாயருகே பிடித்தாள். தாகத்தோடு குடித்தார் இளவரசி, அடிவரை.

வெளியே நியாய் பூர்வோ வெறுங்கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"எங்கடி?"

"குடிச்சிட்டாங்க."

"இத்தன மாசமா தொடாதவங்க, நான் டாக்டர்னு சொன்ன அன்னிக்கு மட்டும் சொட்டு விடாமக் குடிச்சாங்களா? யாருக்குக் காது குத்துற? பயந்துபோய்ச் செடியில ஊத்திட்ட."

கை நடுங்குகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். வாகியெம் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "ஊத்திட்டேன்."

அரண்மனைப் பெயர் கெடக்கூடாதென்று போலீஸுக்குப் போகவில்லை. இனி வராதே என்று மட்டும் சொன்னார்கள். உள்ளேயிருந்து ஒரு சொல் வரும் என்று வாசலில் சற்று நின்றாள். வரவில்லை. பெரிய இடத்து மானத்தையும் ஏழைதான் சுமக்கவேண்டும் என்று எவன் எழுதி வைத்தானோ, நினைத்தாலே வயிறு எரிகிறது.

செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"தேத்தண்ணியச் செடியில ஊத்தினியாமே?" என்றான் சர்ஜோனோ.

"ஆமா."

"ஏன்?"

வாகியெம் அடுப்பை மூட்டித் தேநீர் போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் கிளாஸை எடுத்தான். எடுத்தவன் குடிக்காமல் உள்ளே பார்த்தான்.

வாகியெம் கிளாஸைக் கையிலிருந்து வாங்கி, முதல் மடக்கைத் தான் குடித்துவிட்டு அவன் பக்கம் தள்ளினாள். அதற்குப் பிறகுதான் அவன் குடித்தான்.