வாலால் திரும்பும் விமானம்

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும், மாசி என்று நாங்கள் கூப்பிடும் வங்காளி ஆயா, கட்டிலோரம் உட்கார்ந்து நகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குக் கல்கத்தா பெஹாலாவில் இருந்த பழைய வீடு ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே சாம்பாரில்கூட இந்த நெடிதான். பேங்கிலிருந்து வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து இதே நெடியுள்ள பசையால் மாடல் விமானம் ஒட்டுவார். வழக்கமாக இறக்கை விளிம்பிலுள்ள மடல்கள்தான் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். அப்பா இறக்கையை வெறுமனே விட்டுவிட்டு, வாலின் இரண்டு பாதிகளும் முழுசாக அசையும்படி செய்தார். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் விமானம் சாய வேண்டும்.

"வாலை ஆட்டினா உடம்பு திரும்புமா?" என்பாள் அம்மா.

"திரும்பும், பாரேன்."

மைதானத்தில், நான் காக்கு என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி மாமா விமானத்தின் முன்னால் குத்துக்காலிட்டு, அப்பா ரிமோட்டில் வலதுக்குத் தள்ளியதும் வாலைப் பார்த்து, "டிக் ஆச்சே, தாதா, சரியாத்தான் இருக்கு" என்றார். அவருடைய வலது, விமானத்துக்கு இடது. மேலே போனதும் அப்பா வலதுக்குத் தள்ளத் தள்ள, அது இடதுபக்கமே சாய்ந்து தலைகுப்புற விழுந்தது. பல மாத வேலை. அப்பா துண்டுகளைப் பையில் அள்ளினார்.

"முன்னாடி நின்னு பாத்தா இப்படித்தான்."

இப்போது அப்பாவால் தானாகப் புரள முடியாது. வலதுபக்கம் திருப்ப வேண்டிய நேரம். தூக்கக் கலக்கத்தில் கால்மாட்டில் நின்று, என் வலதுபக்கமாக இழுத்துவிட்டேன். இடது இடுப்புப் புண் அழுந்தி முகத்தைச் சுளித்தார்.

"முன்னாடி நிக்காதேடி."

தலைமாட்டுக்குப் போனேன். அங்கிருந்து பார்க்க, அவருடைய வலதும் என்னுடைய வலதும் ஒரே பக்கம் இருந்தன.