இரண்டு வாய் தயிர்சாதம்

நான் பொய் சொன்னேன். என் மனைவிக்கு மயக்க மருந்து கொடுக்கவிருந்த மருத்துவர் நேருக்கு நேர் கேட்டபோது பொய் சொன்னேன். அதனால் என் மனைவி சாகக் கிடந்தாள். பழி அந்த மருத்துவர் மேல் விழுந்தது. இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

என்னைத் தெரிந்திருந்தால் நீங்கள் இதை நம்ப மாட்டீர்கள். திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன் நான். மயிரிழை பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். வீட்டிலும் அப்படித்தான்.

என் மனைவி கோமதிக்கு உணவு இறங்காத நோய். உணவுக்குழாயின் அடிமுனைத் தசை இறுகிக்கொண்டு திறக்காது. உண்டது அங்கேயே தேங்கும். படுத்தால் மேலேறி வரும். கல்யாணப் பந்தியில் உட்காரவே அஞ்சினாள். கண்ணெதிரே பாதியாக இளைத்தாள்.

வாய்வழியே எண்டோஸ்கோப்பி குழாயைச் செலுத்தி, உள்ளிருந்தே அந்தத் தசையை வெட்டிவிடலாம் என்றார்கள். பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கும், ஆபத்து குறைவு என்றார்கள். ஆனால் சில நாள்களுக்கு முன்பிருந்தே நீராகாரம் மட்டும்தான். சோறு தங்கியிருந்தால் மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடும். இதையும் தெளிவாகச் சொன்னார்கள்.

மோரைக்கூட வடிகட்டித்தான் கொடுத்தேன்.

சிகிச்சைக்கு முந்தைய மாலை, ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பினோம். பிரசாதக் கடையருகே அவள் நடை தளர்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நானே போய்த் தொன்னையில் தயிர்சாதம் வாங்கி வந்து நீட்டினேன்.

“வேண்டாங்க. டாக்டர் திட்டுவாங்க.”

“பெருமாள் பிரசாதம். நல்லா குழைஞ்சுதான் இருக்கு. ரெண்டு வாய்.”

“நீங்களா சொல்றீங்க? மோரை வடிகட்டின மனுசனா?” என்று சிரித்தாள். வாங்கிக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். தண்ணீர் குடித்தாள். “இறங்கிடுச்சுங்க” என்றாள். நம்பினேன்... இல்லை, நம்ப விரும்பினேன்.

மறுநாள் அவளை உள்ளே அழைத்துப் போன பிறகு, மயக்க மருத்துவர் வெளியே வந்தார். இளம் பெண். “சார், சோறு, இட்லின்னு எதுவும் கொடுக்கலையே? உங்க வீட்டம்மா உங்களையே கேக்கச் சொன்னாங்க.”

பக்கத்தில் கோமதியின் தம்பி சரவணன் நின்றிருந்தான். துவாக்குடியிலிருந்து வந்திருந்தான். “எங்க மாமாவையா கேக்குறீங்க? அவரு தண்ணியக்கூட அளந்துதான் குடுப்பாரு” என்றான்.

“இல்ல டாக்டர். நீராகாரம் மட்டும்தான்” என்றேன்.

எதற்காகச் சொன்னேன்? சிகிச்சை தள்ளிப்போகும் என்ற பயத்தாலா? அப்படியென்றால் சற்றேனும் மன்னிக்கலாம். அதுவும் இல்லை. மைத்துனன் என்மேல் வைத்திருந்த அந்த மதிப்பை ஒரு நிமிடம்கூட இழக்க மனம் வரவில்லை. அவ்வளவு அற்பக் காரணம்!

மயக்கம் கொடுக்கும்போதே சோறு மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டது. சிகிச்சையை நிறுத்தி, அவளை வென்டிலேட்டரில் வைத்தார்கள்.

அந்த மயக்க மருத்துவரே வெளியே வந்து சொன்னார்: “உள்ள பருக்கை இருந்துச்சு சார். இந்த நோய்ல எத்தனையோ நாள் முன்னாடி சாப்பிட்ட சோறும் தங்கிடும். நான் முதல்லயே குழாய் விட்டுப் பாத்திருக்கணும்.”

என் குற்றத்துக்கு அவரே ஒரு காரணத்தைத் தேடிக் கொடுத்துவிட்டார்.

“படிச்சுட்டுத்தான் வந்தீங்களா? எங்கக்காவ என்ன பண்ணி வச்சிருக்கீங்க?” என்று சரவணன் கத்தினான். வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலைகுனிந்து நின்றார். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன், சமாதானப்படுத்துகிறவனைப் போல... வாய் திறக்கவில்லை. சரவணன் புகார் எழுதிக் கொடுத்தபோதும் திறக்கவில்லை.

கோமதி பிழைத்தாள். குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் முதலில் கேட்டது இதைத்தான்: “நான் சாப்பிட்டத டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?”

“சொல்லிட்டேன்.”

சரவணனிடம், “அக்காகிட்ட இந்தப் புகார் பேச்சையே எடுக்காத, மனசு உடைஞ்சிடுவா” என்று சொல்லி வைத்தேன். அவன் இன்றும் அதைக் காப்பாற்றுகிறான்.

உடல் தேறியபின் அதே சிகிச்சையை அதே மருத்துவமனையில் வேறொரு குழுவினர் செய்தார்கள். நல்லபடி முடிந்தது. எப்போதாவது புளித்த நீர் நெஞ்சுக்கு ஏறுகிறது. அதற்கு மாத்திரை உண்டு. இப்போது பந்தியில் உட்கார்ந்து ரசம் வரை சாப்பிடுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்கிறேன். உடனே தலைகுனிந்து நின்ற அந்தப் பெண் நினைவுக்கு வருகிறார். இரண்டாம் முறை நாங்கள் போனபோது அவர் அந்த மருத்துவமனையை விட்டே போய்விட்டிருந்தார். தானாகப் போனாரா, போகச் சொன்னார்களா... கேட்க எனக்குத் துணிவில்லை.

போன வாரம் கோமதி கடைவீதியிலிருந்து மலர்ந்த முகத்தோடு வந்தாள். “உறையூர்ல ஒரு ஆஸ்பத்திரி போர்டுல அந்த டாக்டர் பேரு இருக்குங்க. நம்ம தப்பச் சொன்னதுக்கப்புறமும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலையே அந்தப் பொண்ணு! வெள்ளிக்கிழமை போய்க் கையப் புடிச்சு நன்றி சொல்லிட்டு வந்துடலாம்.”

நாளை வெள்ளிக்கிழமை. புடவையை எடுத்து வைத்துவிட்டாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொள்கிறது. சற்று முன் அடுக்களையிலிருந்து கேட்டாள்: “வெறுங்கையோட போக வேணாம். பழம் வாங்கிக்கலாமா, ஸ்வீட்டா?”

“பழம்” என்றேன்.