சம்பத்தின் செம்பு ஒயர்

மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் கம்பம் ஏறிய சம்பத்துக்கு உலகத்தில் நம்பிக்கையான பொருள் ஒன்றுதான், செம்பு. மனைவி வரலட்சுமி போய்ச் சேர்ந்த பிறகு பூஞ்சேரி வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை அவருடைய பழைய பியட் காரும், அதிலிருந்த ரேடியோவும்தான்.

மகள் கீர்த்தனாவுக்கு மதுரையில் வேலை. அம்மாவின் திதிக்கு வருடம் ஒருமுறை வருவாள். வந்தால் ஒரே பல்லவி: "வண்டிய வித்துட்டு எங்கூட வந்துடுப்பா." சம்பத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தத் தடவை அவரே முந்திக்கொண்டார். "செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு நானே வண்டி எடுத்துகினு வரேன். வந்துட்டா இனிமே அந்தப் பேச்ச எடுக்காத."

அதற்காகவே காருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டார். மெக்கானிக் ஆனந்தன், பிளக்குக்குக் கார்பன் ஒயர் வாங்கிவரச் சொல்லியிருந்தான். சம்பத் கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்தார். கார்பனில் ஒரு அடிக்கு ஐயாயிரம் ஓம்ஸ் தடை! செம்பில் முள் நேராகப் பூஜ்யத்தில் போய் நின்றது.

"இவ்ளோ தடை இருந்தா கரண்ட் எப்புட்றா போவும்? எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று போனில் ஆனந்தனைக் கடித்துவிட்டுச் செம்பையே வாங்கி, தானே மாட்டினார்.

திதியன்று விடியற்காலை கிளம்பினார். ரேடியோ கரகரவென்று இரைந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கார் இரண்டு குலுக்கல் குலுக்கிவிட்டு நின்றது. ஸ்டேஷனில் காத்துப் பார்த்த கீர்த்தனா டாக்சி பிடித்து வந்து, ரோட்டோரம் அவரைக் கண்டு இறங்கினாள்.

"ஏறுப்பா, படையல் போடணும்."

"வண்டிய நடுரோட்ல வுட்டுட்டா? நீ போ, பின்னாடியே வரேன்." வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

ஆனந்தன் வந்து சேரவே மதியமாகிவிட்டது. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வீடு வந்தபோது மணி மூன்று. கீர்த்தனா தனியாகவே சமைத்து, படைத்து, அம்மா படத்தின் முன்னால் அவருக்கு இலை போட்டு மூடி வைத்திருந்தாள். பை தோளில் இருந்தது.

வாசலில் சம்பத் காத்து நின்றார். தோற்றது அவர்தானே, இப்போது கூப்பிடுவாள். கூப்பிட்டால் இந்தமுறை மறுக்க மனமில்லை.

"உனக்கு வண்டிதான் முக்கியம்னு புரிஞ்சிப் போச்சுப்பா. இனிமே கூப்பிட மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு." அவள் ஏறிய ஆட்டோ கிளம்பிவிட்டது.

மறுநாள் ஆனந்தன் கார்பன் ஒயரை மாட்டினான். "செம்புல கரண்ட் நல்லாத்தான் சார் போவும். ஆனா அது கெளப்புற இரைச்சல்ல இந்த எலக்ட்ரானிக் இக்னிஷன் பொட்டி கொயம்பிடும். அத்த அடக்கத்தான் தடையே."

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ரேடியோவில் யாரோ ஒரு பெண் தெளிவாகச் செய்தி வாசித்தாள்.

"இன்னா சார், இனிமே மதுர வரைக்கும் கூட நிக்காம போலாம்," என்றான் ஆனந்தன்.

சம்பத் இன்ஜினை அணைத்தார். போகலாம்தான். யாராவது கூப்பிட வேண்டுமே.