பதிமூன்று நாழிகை

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் டவுன் பஸ்ஸில் வந்தது. கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பா, அங்கே பழசென்று கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி, திருநெல்வேலியில் பஸ் மாறி, சீவலப்பேரி வரை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து மானிட்டருக்குப் பின்பக்கம் பெரிய வயிறு உண்டு. கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னாராம். வேறு யாராக இருந்தாலும் சண்டை பிடித்திருப்பார்கள். சித்தப்பா பெருமையோடு எடுத்தார். அந்த டிக்கெட்டை ரொம்ப நாள் பத்திரமாகவும் வைத்திருந்தார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. நெட்டுக்கு விரல் நீளத்தில் ஒரு டாங்கிள் வாங்கினார்கள். அதற்கு ஆற்றுப் பக்கத்து ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. அதனால் அங்கே இருந்த அம்மாவின் அரிசி மூட்டைகள் இடம்பெயர்ந்து, கம்ப்யூட்டர் மேஜை குடியேறியது. அம்மா ஒரு வாரம் சித்தப்பாவோடு பேசவில்லை.

சித்தப்பாவிடம் ஒரு நோட்டு உண்டு. அட்டையில் ‘இலவசம்’ என்று பட்டையாக எழுதியிருப்பார். உலகத்தில் சும்மா கிடைக்கிற இணையதளங்கள், மென்பொருள்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். பட்டா நகல் பார்க்க ஒன்று, ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று பார்க்க ஒன்று, விண்ணப்பத்துக்குத் தக்கபடி போட்டோவைச் சுருக்க ஒன்று, பெட்டி பெட்டியாகத் தெரிகிற தமிழை எழுத்தாக மாற்ற ஒன்று. நல்ல தளம் என்றால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவார். ரொம்ப நல்ல தளம் என்றால் இரண்டு. தெருவில் யாருக்கு என்ன காரியம் என்றாலும் முதலில் நோட்டைத்தான் புரட்டுவார்.

“எல்லாம் ஓசிதாம்வே. எவனோ ஒரு புண்ணியவான் ராப்பகலா உக்காந்து எழுதிச் சும்மா போட்டுருக்கான். எடுத்துக்கிடத்தான் நமக்குத் தெரியல” என்பார்.

ஓசியில் வந்த எதுவும் தனியாக வரவில்லை என்பதை அவர் சொல்ல மாட்டார். ஒவ்வொரு மென்பொருளும் திரையின் தலைமாட்டில் ஆளுக்கொரு பட்டையை ஒட்டிவிட்டது. இரண்டு மாதத்தில் பாதித் திரையைப் பட்டைகள் பிடித்துக்கொண்டன. மிச்சப் பாதியில் நாங்கள் காலம் தள்ளினோம். சித்தப்பா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பவர். நான் பத்து விரலாலும் அடிப்பேன். அதனால் அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டருக்கு நான்தான் அதிகாரி. அந்தப் பதவியில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அத்தை, அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. பாளையங்கோட்டையில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தாள். எனக்கு வீட்டுக்கணக்கு சொல்லித் தருவதும் அவள்தான். மேற்கொண்டு பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெற்றவர்கள் இல்லாததால் அத்தையின் கல்யாணப் பொறுப்பு அப்பாவின் தலையில் இருந்தது. அப்பா அதை நெல் அறுவடையை நினைப்பதுபோல் நினைத்தார். காலம் தவறினால் கெட்டுவிடும் என்று பயம்.

அப்போதுதான் ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. சொந்த வீடு, நல்ல குடும்பம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பெண் மேலே படிக்கவும் வேண்டாம், வேலைக்குப் போகவும் வேண்டாம்.

அத்தை அப்பாவிடம் ஒரே ஒரு தடவை பேசினாள். சாப்பாட்டு நேரத்தில்.

“அண்ணே, ஒரு வருசம் பொறுத்தா பி.எட். முடிச்சிருவேன்.”

“இந்த மாதிரி எடம் ஒரு வருசம் காத்துக்கிட்டு இருக்குமா? மொதல்ல கல்யாணம் முடியட்டும்” என்றார் அப்பா.

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்குச் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான். பெங்களூருக்கு ரயிலில் போகும்போது ஜன்னல் சீட்டில் யார் உட்காருவது என்று தம்பியோடு சண்டையைக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தை மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் வீட்டு ஜாதக நோட்டுகள் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. எடுத்துப் பார்த்தால் அத்தையின் நோட்டில் ராசிக்கட்டம் இருந்த பக்கங்களைக் கறையான் ஒன்றுவிடாமல் தின்றிருந்தது. முதல் பக்கத்தின் மேல்பாதி மட்டும் மிச்சம். அதில் தேதி, நட்சத்திரம், உதயாதி நாழிகை 13 என்ற ஒரு வரி. எழுதிய ஜோசியரும் போய்ச்சேர்ந்துவிட்டார்.

வேறு ஜோசியரிடம் போகலாம் என்றார் அப்பா. சித்தப்பா கையமர்த்தினார். ‘இலவசம்’ நோட்டில் ஜாதகம் கணிக்கும் தளம் ஒன்று இருந்தது. இரண்டு நட்சத்திரம் வாங்கிய தளம்.

“தேதி, நேரம், ஊரு, மூணையும் போட்டாப் போதும். மத்தத அது பாத்துக்கிடும். நான் சாயங்காலம் வந்து அனுப்பிருதேன், நீ எடுத்து வச்சுரு” என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

சனிக்கிழமை. அப்பா வயலில், அம்மா அடுப்படியில். அத்தை நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தேதியை அவள் வாசிக்க நான் அடித்தேன். ஊருக்குத் திருநெல்வேலி என்று போட்டேன். மணி என்ற பெட்டியில் பூஜ்யம் முதல் இருபத்து மூன்று வரை இருந்தது. நோட்டை எட்டிப் பார்த்தேன். நாழிகை என்றால் பழைய தமிழில் நேரம் என்றுதான் எனக்குத் தெரியும். ரயில் அட்டவணை பார்த்துப் பழகியதால் பதிமூன்று என்றால் மதியம் ஒரு மணி என்றும் தெரியும். இந்த இரண்டு அறிவும் சேர்ந்து என்னைக் கவிழ்த்தன.

“நாழிகை பதிமூணுன்னா பதிமூணு மணிதான அத்தை?”

அத்தை நோட்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கன பதிமூணுன்னுதான எழுதிருக்கு?”

“ஆமா.”

“அப்பம் அதையே போடு.”

“நிமிசம்?”

“நிமிசம் ஒண்ணும் எழுதல. சைபர் போடு” என்றாள்.

பட்டனை அமுக்கினேன். சிக்னல் போய் வந்து, போய் வந்து, கடைசியில் பன்னிரண்டு கட்டங்களும் வந்து நின்றன. கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி. லக்னத்துக்கு இரண்டில் செவ்வாய், தோஷம் உண்டு. எனக்குப் பக்கென்றது. அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “சேமிச்சு வை” என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில் ஒரே அமளி.

“முன்னால பாத்த ஜோசியரு சுத்த ஜாதகம்னுல்லா சொல்லிருக்காரு?” என்றாள் அம்மா.

“அவரு போட்டது மனக்கணக்கு மதினி. இது கம்ப்யூட்டரு” என்றார் சித்தப்பா. நேரம் சரியாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. தமிழ் எழுத்துகள் உடையாமல் வந்திருக்கின்றனவா என்பதை மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். ஒரு கொம்புகூட இடம் மாறவில்லை என்று அவருக்குத் திருப்தி.

அப்பா அந்தச் சிவப்பு வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார், “உள்ளத உள்ளபடி அனுப்புலே. மறைச்சுக் கல்யாணம் பண்ணுத பழக்கம் நம்ம வீட்டுல கெடையாது.”

மூன்றாம் நாள் ஆழ்வார்குறிச்சியிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சுத்த ஜாதகமாம், பொருந்தாதாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்பா போனை வைத்துவிட்டு, சட்டையைக்கூட மாட்டாமல் ஆற்றுப் பக்கம் நடந்து போனார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அம்மா முகத்தை முழநீளம் தூக்கி வைத்துக்கொண்டாள். வீடே இழவு வீடு மாதிரி இருந்தது. அத்தை மட்டும் அன்று வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். துக்கத்தில் சிலருக்குப் பசி அதிகமாகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சித்தப்பா ஒரு புது மென்பொருளை இறக்கினார். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பெயரை அடித்தேன், ஊர்ப் பெயரை அடித்தேன், தம்பியைத் திட்டி இரண்டு வார்த்தை அடித்தேன். அதற்குமேல் அடிக்க எதுவும் கிடைக்காமல், தேடும் பெட்டியில் ‘உதயாதி நாழிகை’ என்று அடித்தேன். ஒரு பக்கம் திறந்தது. சூரியன் உதித்ததிலிருந்து எண்ணும் கணக்காம் அது. ஒரு நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிடம். நாழிகையை மணியாக மாற்றித் தர அங்கேயே ஒரு பெட்டியும் இருந்தது, அதுவும் ஓசியில். பதிமூன்று என்று போட்டேன். ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம் என்றது.

காலை உதயத்தோடு கூட்டினால் அத்தை பிறந்தது பகல் பதினொன்றரைக்குள். மதியம் ஒரு மணி அல்ல. அந்த ஜாதகத் தளத்தைத் திறந்து புது நேரத்தைப் போட்டேன். லக்னம் ஒரு கட்டம் பின்னால் போனது. செவ்வாய் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனது. சிவப்பு வரியைக் காணவில்லை.

ஒரு கல்யாணத்தை நான் இரண்டு விரலால் கெடுத்திருக்கிறேன். அப்பா ஆற்றங்கரைக்கு நடந்து போனதும் என்னால்தான். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடினேன். பாதி சொல்வதற்குள் விக்கி விக்கி அழுதுவிட்டேன்.

அத்தை முதலில் கேட்டது, “ஆருட்ட எல்லாம் சொன்ன?”

“ஆருட்டயும் சொல்லல அத்தை. மொதல்ல ஒங்கிட்டதான் சொல்லுதேன்.”

ஈரக்கையோடு உள்ளே வந்தாள். திரையில் இருந்த கட்டங்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவளே மவுஸை நகர்த்தி அந்தப் பக்கத்தை மூடினாள்.

“ஏட்டி, இங்க பாரு. இது ஒனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும். ஒங்க சித்தப்பா அறிஞ்சான்னா இந்த மேசப் பக்கமே ஒன்னய விடமாட்டான்.”

“இப்பம் சொன்னா மாப்ள வீட்டுல ஒத்துக்கிடுவாவள்லா அத்தை?”

“அவிய வேற பொண்ணு பாத்திருப்பாவ. நீ பைய போயி மூஞ்சியக் கழுவு” என்றவள், என் கண்ணைத் தன் சேலையாலேயே துடைத்துவிட்டாள்.

அந்த நிமிடத்தில் அத்தையைப் போல ஒரு நல்ல மனுஷி உலகத்தில் இல்லை என்று தோன்றியது. தன் வாழ்க்கையையே கெடுத்தவளைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாளே! அன்றிலிருந்து அவள் சொல்லும் வேலை எதையும் நான் தட்டியதில்லை. தண்ணீர்க் குடம் தூக்கினேன். அவள் துணியையும் சேர்த்துத் துவைத்தேன். பிராயச்சித்தமாம். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தோஷ ஜாதகம் என்றால் வரன் அமைய நாளாகும் என்று அப்பாவுக்குப் புரிந்தது. ஒரு மாதம் கழித்து அவரே சொன்னார், “சும்மா இருக்கதுக்கு அவ அந்த பி.எட்.டையாவது படிக்கட்டும்.” சொல்லும்போது குரல் தாழ்ந்திருந்தது. தங்கைக்குக் கொடுக்க முடியாததற்குப் பதிலாக ஏதோ கொடுப்பதாக நினைத்தார், பாவம்.

விண்ணப்பத்தை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். அன்றைக்கும் அதே ஜன்னல், அதே ஸ்டூல். சித்தப்பாவின் நோட்டைப் பார்த்து அத்தையின் போட்டோவைச் சுருக்கி ஏற்றினேன். அத்தை தன் சான்றிதழ்களை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, நான் நிரப்பிய ஒவ்வொரு பெட்டியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். மதிப்பெண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்ததைப் பிடித்துத் திருத்தச் சொன்னாள். பின்கோடில் ஒரு சைபர் குறைந்ததையும் கண்டுபிடித்தாள். மேலிருந்து கீழ்வரை மூன்று தடவை பார்த்த பிறகுதான், “இப்பம் அமுக்கு” என்றாள்.

நான் அமுக்கினேன். இத்தனை கவனமான அத்தை, ஜாதகம் போட்ட சனிக்கிழமை இதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெட்டியைக்கூட ஏன் சரிபார்க்கவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.