வாளி கட்டிய தென்னை

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

அகதி முகாமை விட்டு வந்து, மாம்புரியில் சொந்தக் காணியில் நட்ட முதல் தென்னை அது. அதன் முதல் பாளைக்குக் காத்திருந்தோம். தென்னையைத் துளைக்கும் செவ்வண்டைப் பிடிக்க, விவசாய உத்தியோகத்தர் மணமருந்து வைத்த வாளி ஒன்று தந்தார். எங்கே கட்டுவதென்று கேட்க வெட்கப்பட்டு, பிள்ளைக்குத் தாயத்துக் கட்டுவதுபோல அந்த மரத்திலேயே கட்டினேன்.

தம் இனம் அழைக்கும் மணமென்று ஊர் வண்டுகளெல்லாம் வந்தன. சில வாளியில் விழுந்தன. மற்றவை மரத்தில் முட்டையிட்டன.

“வேலியோரமா, மரத்துக்குத் தூரமாக் கட்டணும், நானா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் உத்தியோகத்தர், பிறகு வந்து பார்த்தபோது.

“வண்டுக்கு விருந்து வச்சதே இவருதான்,” என்றாள் மனைவி.

தண்டில் காதை வைத்தேன். உள்ளே புழுக்கள் கொறிக்கும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

முதல் பாளை வருமுன்னே, இன்று காலை குருத்துச் சாய்ந்தது.

12.03.2016