வெள்ளையடிக்க வந்த விருந்தாளிகள்

போன வாரம் ஒரு காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. பழைய துணி, தலையில் முண்டாசு, கையில் ஆளுக்கொரு பிரஷ்!

"இன்னாடி சொல்லி வெச்ச அவங்ககிட்ட?" என்றார் என் கணவர்.

என்ன சொன்னேன்? எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது...

போன வருஷம் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கும் என் அண்ணன் டிக்கெட் அனுப்பி எங்களை அழைத்திருந்தான். காருக்குப் பின்னால் ஒரு கேரவனை – சக்கரம் வைத்த குட்டி வீடு – மாட்டிக்கொண்டு, கடலோரமாகவே வடக்கே கிளம்பினோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்மண். நடுவில் ஒரு டீக்கடை? ஊஹும்! மணிக்கணக்கில் மனித முகத்தையே காணோம். அந்தப் பொட்டல் வெளியில் கேரவனின் அச்சு முறிந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. என் பெண்கள் இருவரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது வந்து நின்றது இன்னொரு கேரவன். ஜானும் மார்கரெட்டும். ரிட்டயரானவர்கள். முன்பின் தெரியாத எங்களுக்குத் தங்கள் படுக்கையைக் கொடுத்துவிட்டு, மெக்கானிக் வந்து சேரும்வரை அவர்கள் வெளியே மணலில் டென்ட் அடித்துப் படுத்தார்கள்.

பிரியும்போது உருகிப்போய் விலாசம் எழுதிக் கொடுத்தேன். இந்தியா வந்தால் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்றேன்.

வந்தேவிட்டார்கள்!

பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்ததுமே எனக்கு வீடு ஞாபகம் வந்தது. காரை பெயர்ந்த சுவர்... கொல்லைக் கோடியில் கக்கூஸ்... "வீட்டில் வெள்ளையடிக்கிறோம்" என்று வாய் கூசாமல் சொல்லி, ஆசிரமத்துப் பக்கம் ஒரு வாடகை ரூமில் கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள்தான் பிரஷ்ஷோடு ஆஜர். வெள்ளையடிக்க உதவ வந்தார்களாம்!

"இன்னும் ஆரம்பிக்கவில்லை..." என்று நான் இழுத்தேன். அதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, நேத்து சாயங்காலமே இவங்க நம்ம தெருவுல வந்தாங்களே! நான் கூட கையாட்டினேன். உன்னாண்ட சொல்ல மறந்துட்டேன்."

அப்படியானால்... பார்த்துவிட்டார்களா? வீட்டில் ஒரு சொட்டுச் சுண்ணாம்புகூட இல்லை என்பது நேற்றே தெரியுமா?

மார்கரெட் என் தோளில் கை வைத்தார். "விருந்தாளியாக வந்தால் உனக்குச் சங்கடம் என்று புரிந்தது. அதனால்தான் வேலையாளாக வந்துவிட்டோம்."

என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பு வாங்க ஓடினார். சாயங்காலம்வரை எல்லோருமாக அடித்தோம்.

வெள்ளையடிப்பதில் ஒரு சௌகரியம் – முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொள்ளலாம்.