ஸீரோ விமானமும் நாலாவது சம்பந்தமும்

உள்ளறையிலிருந்து 'சர்... சர்...' என்று மரத்தில் மண் கடதாசி தேய்க்கும் சத்தம் வந்தது. ஹிதாயா தேநீர்க் கோப்பையைச் சத்தமாக வைத்தாள். முன்னறையில் வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த புஹாரி ஹாஜியார் நிமிர்ந்தார்.

"என்ன மகள் அது? எலியா?"

"இல்ல ஹாஜியார்... தம்பி..." இன்னொரு துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

உம்மாவும் வாப்பாவும் மௌத்தான நாள்முதல் தையல் மெஷினை மிதித்து மிதித்தே தம்பி லாபிரை ஆளாக்கியவள் அவள். உக்குவளையில் ரேடியோ திருத்தும் நல்ல தொழில் அவனுக்கு. ஆனாலும் மூன்று சம்பந்தம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. முப்பது வயதில் விளையாட்டுச் சாமான் செய்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இப்போது கலேவெலயிலிருந்து வந்திருக்கும் ஹாஜியார் மஸூதா என்ற பெண்ணின் தாய்மாமன். இன்றைக்கு மட்டும் அந்த மரவேலையைத் தொடாதே என்று காலையிலேயே கெஞ்சியிருந்தாள். கேட்டானா!

ஹாஜியார் எழுந்து உள்ளே போய்விட்டார். மேசைமேல் மலைவேம்பில் செதுக்கிய போர்விமானம். இறக்கையில் சிவப்பு வட்டம்.

லாபிருக்கு வெட்கமே இல்லை. "ஜப்பான்காரன்ட ஸீரோ, ஹாஜியார். பாரம் குறையணும்னு ஓட்டுறவனுக்குக் காப்புத் தகடுகூட வைக்கல்ல. கப்பல்ல இருந்து எழும்பி, குண்டு போடுற விமானங்களுக்குக் காவலா வரும். நாப்பத்திரண்டுல கொழும்புக்கு..."

"தெரியும்." ஹாஜியார் அந்தச் சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தார். "மஸூதாட வாப்பா அன்டைக்குத் துறைமுகத்துல மூட்டை எறக்கிக்கிட்டு நின்டார். அடக்க மையத்துகூடக் கெடைக்கல்ல. புள்ள அப்ப வயித்துல."

ஹிதாயா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உலகத்தில் எத்தனையோ விமானம் இருக்க, இந்தப் பாவி இதையா செய்ய வேண்டும்! யா அல்லாஹ், இதுவும் போயிற்று.

"வாப்பாவக் கொல்ல வந்தது எப்புடி இருக்கும்னு இருவது வயசாகியும் கேட்டுக்கிட்டே இருக்கிறா. எனக்குச் சொல்லத் தெரியல்ல. இதக் கொண்டுபோய்க் காட்டட்டா?"

லாபிர் உடனே விமானத்தைப் பழைய பத்திரிகையில் சுற்றினான்.

"கோவத்துல ஒடச்சுப் போட்டாள்னா?"

"ஒடைக்கட்டும் ஹாஜியார். அவங்களுக்கு இல்லாத உரிமையா?"

ஹாஜியார் பொதியை வாங்கிக்கொண்டார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கலேவெலக்கு வாங்க. மத்தத அவளே சொல்லுவா."

அது சம்மதமா, சாக்கா? அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. பொதியை நெஞ்சோடு அணைத்தபடி அவர் படியிறங்கிப் போனார். ஹிதாயா கதவைச் சாத்தினாள்.